கூட்டமில்லாத ஊரில் ஐந்து இரவுகள்

"உங்களுக்கென்று மட்டும் ஏழு நாட்கள் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியை எங்கள் பெண்கள் குழுக் கூட்டங்களில் நான் கேட்பதுண்டு. வேலியை அடைப்பேன் என்பார் ஒருவர். நெல்லை அவித்துக் காயப்போடுவேன் என்பார் இன்னொருவர். பிள்ளையின் பதிவு விடயமாகக் கச்சேரிக்குப் போய்வருவேன் என்பார் மூன்றாமவர். ஒரேயொரு தடவை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், "ஏழு நாளும் நித்திரை கொள்ளுவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

விடுமுறை என்பது வசதியுள்ளவர்களின் சொல் என்று நினைத்துப் பழகிவிட்டோம். பள்ளிக்கூட விடுமுறையை எங்கள் பக்கத்தில் முன்பு 'விடுதலை' என்றுதான் சொல்வோம். "எப்ப விடுதலை விடுகினம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிறகு அந்தச் சொல்லின் மேல் வேறு பாரங்கள் ஏறிவிட்டன. இப்போது பிள்ளைகள் 'லீவு' என்கிறார்கள்.

2025ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஜேர்மனியில் இருக்கும் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். டோர்ட்முண்ட் நகரத்துக்கு அருகே, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட ஓர் ஊர். சமாதான காலத்தில், 2003இல், கலியாணம் முடிக்கப் போனவர் அக்கா. அத்தான் 2014இல் இறந்துவிட்டார். பதினைந்து வயது மகளும் பதினொரு வயது மகனும். ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை. இருபத்திரண்டு வருடங்களில் அக்கா ஊருக்கு மூன்று முறை வந்திருக்கிறார், மூன்றும் செத்தவீடு. அதைத் தவிர எங்கும் போனதில்லை. நான் போன முதற்கிழமையே அதே கேள்வியை அக்காவிடம் கேட்டேன். "அலுமாரியை ஒதுக்குவன்" என்றார்.

அக்காவுக்கு லீவு இல்லையென்று நினைக்க வேண்டாம். ஜேர்மனியில் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுநேரத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வருடத்தில் குறைந்தது நான்கு கிழமை சம்பளத்துடனான விடுமுறை உண்டு. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு இருக்கிறது. விடுமுறையின் நோக்கத்துக்கு மாறான கூலிவேலை எதையும் அந்த நாட்களில் செய்யக்கூடாது என்கிறது அது. அதாவது ஓய்வெடுக்கவென்று தந்த நாளில் ஓய்வெடுக்கத்தான் வேண்டும். அக்கா என்ன செய்தார் என்பதை இங்கே விபரமாக எழுத முடியாது. சொந்தக்காரர் ஒருவரின் கடையில் 'உதவியாக' நின்றார் என்று மட்டும் சொல்கிறேன். கோடைக்கு முன்பு வேலைத்தலத்தில் கொடுக்கும் விடுமுறைக்காசும் அந்தக் கடையில் கிடைத்த காசும் வருடாவருடம் ஊருக்கு வந்தன. நான் சமூகவியல் படித்த நான்கு வருடமும் அந்தக் காசில்தான். அக்கா போகாத விடுமுறைகள் என் பட்டச் சான்றிதழாக வீட்டுச் சுவரில் தொங்குகின்றன.

அதே பாடத்தில்தான், சம்பளத்துடனான விடுமுறை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் சமவாயம் 1936இல் வந்தது என்றும், அதே வருடம் பிரான்சில் தொழிலாளர்களுக்கு இரண்டு கிழமை விடுமுறை சட்டமானது என்றும் படித்தேன். அந்தக் கோடையில் பிரெஞ்சு அரசு தொழிலாளர் குடும்பங்களுக்குப் புகையிரதக் கட்டணத்தில் 40 வீதம் கழிவு கொடுத்தது. முதன்முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஓய்வும், காலத்துக்குக் காலம் சம்பளத்துடனான விடுமுறையும் மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. பரீட்சைக்கு எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. ஆனால் காசு அனுப்பியவர் எந்த உறுப்புரையைப் பார்த்தார்?

ஆகவே இந்த முறை எல்லோருமாக எங்காவது போவது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அக்கா முதலில் மறுத்தார். "அந்தக் காசுக்கு அம்மாவின்ர கண் சத்திரசிகிச்சையை முடிக்கலாமே" என்றார். அம்மாவின் கண் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே செய்தாயிற்று என்று சொன்னதும் வேறு காரணம் தேடினார். கடைசியில் மனதை மாற்றியது நானல்ல, பெறாமகன். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும்போது, எங்கே போனாய் என்று வகுப்பில் கேட்பார்களாம். மூன்று வருடமாக அவன் சொல்லும் ஒரே பதில், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர். "தேர் ஒரு நாள்தானே, மிச்ச நாள் என்ன செய்தாய் எண்டு ரீச்சர் கேட்டவ, அம்மா" என்றான். அக்கா ஒன்றும் பேசவில்லை. இரவு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஐரோப்பாவில் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் முதற் கேள்வி. யூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை பிரான்சும் இத்தாலியும் ஸ்பெயினும் ஒரேயடியாகக் கடற்கரைக்குப் புறப்படும். இத்தாலியில் ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் நகரங்கள் வெறிச்சோடும், கரையோரத்தில் பாய் விரிக்க இடமிராது. ஜேர்மனியர்கள் இதற்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். நாட்டின் 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை ஒரே நாளில் விடுவதில்லை. பெரும்பாலான மாநிலங்களின் முறை வருடத்துக்கு வருடம் மாறி வரும். தெற்கே பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கும் மட்டும் எப்போதும் கடைசி. தெருக்களும் தங்குமிடங்களும் ஒரே நேரத்தில் நிரம்பக் கூடாது என்பதே நோக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள் யூனிலோ செப்டெம்பரிலோ போனால் விலையும் குறைவு, சனமும் குறைவு. பிள்ளைகள் உள்ள அக்காவுக்கு அந்த வசதி இல்லை. காலத்தை மாற்ற முடியாதவர்கள் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பெறாமகளுக்குப் பார்சலோனா, பெறாமகனுக்கு வெனிஸ். இரண்டையும் நானே வெட்டினேன். பார்சலோனாவில் 2024 யூலையில் உள்ளூர்ச் சனங்கள் ஊர்வலமாகப் போய், சாப்பாட்டுக் கடைகளில் இருந்த உல்லாசப் பயணிகள் மீது தண்ணீர்த் துவக்கால் அடித்தார்கள். வீட்டு வாடகை ஏறிவிட்டது, எங்களால் வாழ முடியவில்லை என்பது அவர்களுடைய கோபம். அது நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். வெனிஸ் நகரம் அதே 2024 ஏப்ரலில் பகற்பயணிகளிடம் குறித்த நாட்களில் 5 யூரோ நுழைவுக்காசு வாங்கத் தொடங்கியது. விருந்தாளியைக் கண்டு களைத்துப்போன ஊருக்குப் போய் என்ன சுகம்?

பிறகு பிரயாணச் செலவு. ஜேர்மனியில் 2023 மே மாதம் தொடங்கிய ஒரு மாத ரிக்கற் இருக்கிறது. நாடு முழுவதும் பஸ், டிராம், உள்ளூர்ப் புகையிரதம் எல்லாவற்றிலும் அதைக் கொண்டு ஏறலாம், கடுகதி வண்டிகளில் மட்டும் முடியாது. 49 யூரோவாக இருந்தது, 2025இல் 58 ஆனது, 2026 தை மாதத்திலிருந்து 63. அக்காவிடம் வேலைத்தல ரிக்கற் இருந்தது, பிள்ளைகளிடம் பள்ளிக்கூட ரிக்கற் இருந்தது. என் ஒருத்திக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. உறவினரைப் பார்க்கப் போகும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சந்தா முறையில் விற்கப்படுகிறது. மாதத்தின் 10ஆம் திகதிக்கு முன் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதத்துக் காசும் வங்கியிலிருந்து போய்விடும்.

விசா பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். 2024 யூன் முதல் வளர்ந்தவர்களுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஜேர்மனியில் கூப்பிடுபவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளத்துண்டுகளைக் காட்டிப் பொறுப்புக் கடிதம் எடுத்து அனுப்பலாம். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைப்பது சின்ன விடயமல்ல. போனவரின் சாப்பாடு, வைத்தியம், திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டவரே பொறுப்பு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காசு வாங்கிக்கொண்டு 'விசா எடுத்துத் தருகிறோம்' என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். படிவத்தை நிரப்ப உங்கள் பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளை போதும்.

தங்குமிடம் தேடும்போதுதான் எனக்கு அல்தெனா என்ற பெயர் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இளைஞர் இயக்கங்கள் பற்றிய பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோன ஊர். உலகத்தின் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி அங்குள்ள ஒரு பழைய கோட்டையில்தான் தொடங்கியது. அக்கா வீட்டிலிருந்து பார்த்தால், ஹாகன் நகரத்தில் ஒரு முறை புகையிரதம் மாறினால் போதும். இருபத்திரண்டு வருடம் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தப் பெயரை அக்கா கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாத ஊர் என்பதே நல்ல அறிகுறி என்றேன்.

ஹாகனுக்கு அப்பால் பாதை லெனெ ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான காட்டு மலைகள். அல்தெனாவில் இறங்கினால், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கிப்பிடித்துக் கட்டிய வீடுகள், மேலே கோட்டை. கடைத்தெருவில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பெறாமகள் முகத்தைச் சுளித்தாள். "சித்தி, இங்க ஒருத்தரும் இல்லை." கூட்டமில்லாத இடம் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். கூட்டம் இல்லாமற் போனதற்கும் ஒரு காரணம் இருக்கும். அல்தெனா கம்பி இழுக்கும் தொழிலால் வாழ்ந்த ஊர். போர்வீரர்களின் வளையச் சட்டைக்கும், பிறகு ஊசிக்கும் குண்டூசிக்கும் நூற்றாண்டுக் கணக்காக இங்கிருந்து கம்பி போனது. தொழில் குறைந்தது, சனம் குறைந்தது. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது ஏறக்குறைய 17,000 பேர்.

கோட்டைக்குக் கீழே கம்பிக்கென்றே ஒரு அரும்பொருட்காட்சிச்சாலை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள். அக்காவும் நானும் சுருள் சுருளாக இருந்த கம்பிகளுக்கு முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை. கம்பி என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம். 2009இல் முகாம் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோது, அக்கா தொலைபேசியில் அந்தப் பக்கம் இருந்தார்.

கோட்டைக்கு ஏற இரண்டு வழி. ஒன்று கால் நோகும் பாதை. மற்றது 2014இல் திறந்த, மலையைக் குடைந்து வைத்த மின்தூக்கி. அக்காவுக்கு நாரி நோ. துப்புரவு வேலை செய்பவர்களுக்கு வராமல் விடாத நோ. நாங்கள் மின்தூக்கியில் ஏறினோம்.

இந்த விடுதியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூறு வருடங்களுக்கு முன் அல்தெனாவில் றிச்சார்ட் ஷிர்மான் என்று ஒரு ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். தொழிற்சாலைப் புகைக்குள் வளரும் தொழிலாளரின் பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடத்திக் கூட்டிப்போய்ப் படிப்பிப்பார். மேலதிகாரிகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1909 ஓகஸ்ட் 26ஆம் திகதி, பல நாள் நடைப்பயணம் ஒன்றில், பிறோல் என்ற பள்ளத்தாக்கில் இடிமழை பிடித்துக்கொண்டது. விடுமுறையால் வெறுமையாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒதுக்கினார். ஒரு கமக்காரர் வைக்கோல் கொடுத்தார். பிள்ளைகள் தூங்க, வெளியே இடி இடிக்க, வாத்தியார் விழித்திருந்து யோசித்தார். விடுமுறையில் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடங்களும் சும்மாதானே கிடக்கின்றன, நடந்து போகக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக அவற்றைப் பிள்ளைகள் தங்கத் திறந்துவிட்டால் என்ன?

பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுப்பது என்றால் எங்களுக்குத் தெரியும். வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, சீலையால் மறைப்புக் கட்டி, கரும்பலகைக்குக் கீழே அடுப்பு மூட்டி, எத்தனை இடப்பெயர்வுகளில் எத்தனை பள்ளிக்கூடங்களில் இருந்தோம்! வகுப்பறையைப் படுக்கையறை ஆக்குவது ஒரு பிள்ளைக்குச் சந்தோஷமாகவும் இருக்க முடியும் என்பதை அந்தக் கோட்டையில் நின்றுதான் யோசித்தேன்.

ஷிர்மானின் யோசனை 1912இல் இந்தக் கோட்டைக்கு வந்தது. அந்தக் காலத்துப் படுக்கை அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். தடித்த மரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய கட்டில்கள், நீண்ட மேசை, சமையலறை. பிறகு முதலாம் உலக யுத்தம். வாத்தியாரையும் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1915 நத்தாருக்கு வொஸ்ஜ் மலைகளில் ஜேர்மன் படையினரும் பிரெஞ்சுப் படையினரும் சுடுவதை நிறுத்திவிட்டு, பதுங்குகுழிகளைவிட்டு வந்து சாப்பாடும் குடிவகையும் மாற்றிக்கொண்டார்களாம். அதைக் கண்டபோது, எல்லா நாட்டு இளம் பிள்ளைகளும் சந்திக்கத்தக்க இடங்கள் இருந்தால் எவ்வளவு நல்லது என்று தோன்றியதாகப் பின்னர் எழுதியிருக்கிறார். 1932இல் சர்வதேச விடுதிகள் சங்கம் அமைந்தபோது அதன் தலைவரானார். ஹிட்லர் வந்ததும் ஜேர்மனிய விடுதிகள் நாசி இளைஞர் அமைப்பின் கைக்குள் போயின. 1936இல் அவரைச் சர்வதேசப் பதவியையும் விடச் செய்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு, முதுமையில், மறுபடி முதலிலிருந்து கட்டியெழுப்பினார். 1961இல் இறந்தார்.

இளைஞர் விடுதி என்ற பெயரைப் பார்த்து இளைஞருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இப்போது குடும்பங்களும் தாய் பிள்ளைகளும் தங்கலாம். வருடச் சந்தா கட்டி அங்கத்தவராக வேண்டும். குடும்பத்துக்கென்று ஒரே அட்டை இருக்கிறது. கோட்டைக்குள் இன்றும் நடக்கும் விடுதியில் எங்கள் நால்வருக்கும் ஒரு அறை. மாடிக் கட்டில்கள், துப்புரவான விரிப்பு, காலைச் சாப்பாடு. ஐரோப்பாவில் மலிவாகத் தங்க இன்னொரு வழியும் உண்டு. 1895இல் வியன்னாவில் தொழிலாளர்கள் தொடங்கிய 'இயற்கை நண்பர்கள்' இயக்கத்தின் மலை வீடுகள். அவை பல நாடுகளில் இருக்கின்றன. ஹோட்டல் காசு கேட்டுப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடும் எங்கள் சனங்களுக்கு இந்த இரண்டும் தெரிவதில்லை. அக்காவுக்கும் தெரியாது. தேவைப்படுகிறவரின் காதுக்கு வசதிகள் பற்றிய செய்தி கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. எங்கள் தொழிலில் தினமும் காண்பது இது.

முதல் நாள் காலை அக்கா ஐந்து மணிக்கே எழுந்து கட்டில் விரிப்பைத் தட்டி, ஜன்னல் விளிம்பைத் துடைத்து, குளியலறையையும் கழுவிவிட்டார். "இதுக்கு ஆள் இருக்கு, அக்கா" என்றேன். "அந்த ஆளும் என்னைப்போல ஒருத்திதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் சீஸும் பழமும். பிள்ளைகள் வெட்கப்பட வெட்கப்பட அக்கா கைப்பையிலிருந்து சீனிச்சம்பல் போத்தலை எடுத்து வைத்தார். பக்கத்து மேசையில் நெதர்லாந்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு குடும்பம். அவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் போத்தல் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் புகையிரதத்தில் லெட்மாத்தே போய், அங்கிருந்து டெக்கன் குகைக்குப் போனோம். 1868இல் பாதை வேலை செய்த இரண்டு தொழிலாளர்களின் சுத்தியல் ஒன்று பாறை வெடிப்புக்குள் விழுந்துவிட்டதாம். எடுக்க இறங்கியவர்கள் குகையைக் கண்டார்கள். உள்ளே சுண்ணாம்புக் கல் பனிக்கூழ்போல் தொங்குகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் பத்துப் பாகையளவு குளிர். சுவெற்றர் கொண்டுபோகாவிட்டால் நடுங்கத்தான் வேண்டும். இரண்டு கூலித் தொழிலாளிகள் கண்டுபிடித்த குகைக்கு ஒரு பெரிய அதிகாரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் வழக்கம் ஒன்றுதான். மற்ற நாட்களில் ஆற்றோரம் நடந்தோம், காட்டுக்குள் நடந்தோம், பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைத்தார்கள். அந்த அமைதியான ஆறுதான் 2021 யூலையில் பெருக்கெடுத்து ஊரைப் புரட்டியது. மீட்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவரையும் அந்த வெள்ளம் கொண்டுபோனது.

அல்தெனாவை நான் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015இல் சிரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் அகதிகள் ஜேர்மனிக்குத் திரளாக வந்தபோது, பல ஊர்கள் தங்கள் பங்கையே குறைக்கப் பார்த்தன. இந்த ஊரின் நகரபிதா அந்திரேயாஸ் ஹோல்ஸ்டைன் தங்கள் பங்குக்கு மேலாக 100 பேரைத் தாருங்கள் என்று கேட்டு எடுத்தார். ஊரில் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. ஆகவே முகாம் போடவில்லை. ஊர் முழுவதும் பரவலாக வீடுகளில் குடியமர்த்தி, குடும்பங்களுக்கு உதவ ஊரவர்களையே தொண்டர்களாக இணைத்தார்கள். 2017 மே மாதம் நாட்டின் முதலாவது தேசிய ஒருங்கிணைப்பு விருது அல்தெனாவுக்குக் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில், ஒரு கெபாப் கடையில் நின்ற நகரபிதாவின் கழுத்தில் ஒருவன் கத்தியை வைத்து வெட்டினான், அகதிகளைக் கொண்டுவந்தாய் என்ற கோபத்தில். கடைக்காரரும் அவர் மகனும் பாய்ந்து அவனைப் பிடித்து நகரபிதாவைக் காப்பாற்றினார்கள். துருக்கியிலிருந்து வந்த குடும்பம் அது. இதை நான் அக்காவுக்குச் சொன்னபோது, "நாங்கள் வந்த நேரம் எங்களைக் கொண்டுபோய் விட்ட இடத்தில ஒரு மனிசர் கதவு தட்டேல்லை" என்றார். முதன்முறையாக அந்த முதல் வருடத்தைப் பற்றி அன்றிரவு கதைத்தார். பிள்ளைகளும் கட்டிலில் படுத்தபடி கேட்டார்கள். வீட்டில் அப்படிக் கதைக்க நேரம் இருந்ததில்லை. சமையல் இல்லை, தொலைக்காட்சி இல்லை, மறுநாள் நாலரை மணிக்கு எழும்ப வேண்டியதில்லை. வேறென்ன செய்வது, கதைக்கத்தான் வேண்டும்.

நான்காம் நாள் விடுதி முற்றத்தில் அறுபது வயது கடந்த ஒரு ஜேர்மனியப் பெண்ணைச் சந்தித்தோம். ஓய்வுபெற்ற தாதி, பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். அக்கா கதிரையிலிருந்து எழும்பும் விதத்தைப் பார்த்தே நாரி நோவைப் பற்றி விசாரித்தார். பெறாமகள் மொழிபெயர்த்தாள். "தாய்மார் ஓய்வுக்கு விண்ணப்பித்தாயா?" என்று கேட்டார். அக்காவுக்கு அந்தப் பெயரே புதிது.

அது எங்கள் வாசகியர் கட்டாயம் அறிய வேண்டிய விடயம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜேர்மனியில் கணவனை இழந்தவர்களும், கணவன் சிறையிலோ காணாமலோ போனவர்களும், அகதியாக வந்தவர்களுமாக எத்தனையோ பெண்கள் தனியே பிள்ளைகளை வளர்த்தார்கள். இடிபாட்டுக் கல்லைப் பொறுக்கினார்கள், வேலைக்குப் போனார்கள், வீட்டையும் பார்த்தார்கள். உடைந்தது கட்டடம் மட்டுமல்ல என்று கண்ட எல்லி ஹொய்ஸ் க்னாப் என்ற பெண்மணி, முதலாவது சனாதிபதியின் மனைவி, 1950 தை மாதம் ஒரு நிறுவகத்தைத் தொடங்கினார். களைத்த தாய்மாரைச் சில கிழமைகள் வீட்டை விட்டு வெளியே கூட்டிப்போய், ஓய்வும் வைத்தியமும் ஆலோசனையும் கொடுப்பது அதன் வேலை. அன்னையர் தினத்தை ஒட்டி நாடு முழுவதும் உண்டியல் குலுக்கிக் காசு சேர்த்தார்கள். இன்றும் சேர்க்கிறார்கள். 2007 முதல் இது மருத்துவக் காப்புறுதி கட்டாயம் கொடுக்க வேண்டிய சேவையாகிவிட்டது. வைத்தியரின் சான்று வேண்டும். பொதுவாக மூன்று கிழமை. ஒரு நாளைக்கு 10 யூரோ மட்டும் நாங்கள் கட்டுவது. சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். விண்ணப்பத்துக்கு உதவ நலன்புரிச் சங்கங்களில் இலவச ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன.

யுத்தம் முடிந்து ஐந்து வருடத்துக்குள் அந்த நாடு தாயின் களைப்புக்கு ஒரு பெயர் வைத்து, அதற்கென்று ஒரு வீடும் கட்டியது. எங்கள் யுத்தம் முடிந்து பதினாறு வருடம். எங்கள் பெண்களுக்கு ஆடு கொடுத்தோம், கோழி கொடுத்தோம், தையல் இயந்திரம் கொடுத்தோம். நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மூன்று கிழமை வேண்டாம், மூன்று நாள் ஓய்வுக்கு ஒரு திட்டவரைவை எந்த உதவி நிறுவனத்திடமாவது நீட்டினால், 'விளைவு என்ன?' என்று கேட்பார்கள். ஆட்டுக்குக் குட்டி போடத் தெரியும். நித்திரைக்கு என்ன குட்டி?

அக்கா ஊர் திரும்பியதும் குடும்ப வைத்தியரிடம் போனார். புரட்டாதியில் விண்ணப்பம் போனது. கார்த்திகையில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஊரிலேயே உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்தால் போதும், மறுக்கிறோம் என்று. அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் சொன்னனான்தானே" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுப்புக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபனை எழுதலாம் என்பது அந்தக் கடிதத்தின் கடைசியிலேயே இருந்தது. பெறாமகள்தான் அதைக் கண்டாள். ஆலோசனை நிலையத்துக்கு அவளே தாயைக் கூட்டிப்போனாள். வேலை நேரம், நித்திரை நேரம், தனியே பிள்ளை வளர்ப்பது, நாரி நோ, இரவில் வெடிச்சத்தம் கேட்பதுபோல் திடுக்கிட்டு எழும்புவது எல்லாவற்றையும் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார்களாம். வெடிச்சத்தம் பற்றி அக்கா எனக்கும் சொன்னதில்லை. மகள் எழுதும்போதுதான் மகளுக்கும் தெரிந்தது.

2026 மாசியில் அனுமதி வந்துவிட்டது. வடகடல் கரையோரம் ஒரு தாய் பிள்ளை ஓய்வில்லம், மூன்று கிழமை, பெறாமகனும் கூட. பெறாமகள் ஒரு சிநேகிதி வீட்டில் நிற்பாள். 21 நாளுக்கு 210 யூரோ அக்கா கட்ட வேண்டும். ஒரு பழைய தேயிலைப் பேணியில் சேர்க்கிறார். போன கிழமை தொலைபேசியில் கேட்டேன், 140 சேர்ந்துவிட்டதாம்.